இறையியற் கல்வியும் தடைவிடை மரபும்

கத்தோலிக்கத் திருச்சபையின் பல்கலைக்கழகங்களில் இறையியல் பயில்வோர் மூன்று பட்டங்களைப் படிப்படியாகப் பெறுகின்றனர். முதலாவது பாக்கலரியேட், இரண்டாவது லைசென்ஷியேட், மூன்றாவது டாக்டர் பட்டம். 1979 ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட கல்விச் சட்டம் இம்மூன்றையும் வகுத்துக் கூறியது. அதன் இடத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் 2018 இல் வெளியிட்ட சட்டமும் அவற்றை அவ்வாறே வைத்துக் கொண்டது. நடுவிலுள்ள பட்டத்தின் பெயர் நம் கவனத்தை ஈர்க்கிறது. லைசென்ஸ் என்ற சொல் வண்டி ஓட்டுவோர்க்கும் கடை நடத்துவோர்க்கும் பழகிய சொல்லே. இங்கு அது கற்பிப்பதற்கான உரிமத்தைக் குறிக்கும். யார் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கலாம், கேட்போர் மறுத்துரைக்கலாமா என்னும் வினாக்கள் இப்பெயரினுள் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கின்றன. நம் முன்னோர் வேதசாஸ்திரம் என்று வழங்கிய இக்கல்வி எவ்வாறு தோன்றியது, நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது என்பதை இவ்வுரையில் காண்போம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் மாநகரில், நோத்ர் தாம் பேராலயத்தைச் சூழ்ந்த தெருக்களில், ஆசிரியர் பலர் மாணவரைச் சேர்த்துப் பாடம் சொல்லி வந்தனர். பல்கலைக்கழகத்திற்கெனத் தனிக் கட்டடம் அந்நாளில் இல்லை. ஆசிரியரும் மாணவரும் கூடிய சங்கமே பல்கலைக்கழகம். யூனிவர்சிட்டி என்பதன் மூலமான இலத்தீன் சொல்லும் சங்கம் என்ற பொருளிலேயே அன்று வழங்கியது. கற்பிக்கும் உரிமத்தை வழங்கியவர் பேராலயத்தின் சான்சலர். அவருக்கும் ஆசிரியர் சங்கத்திற்கும் ஓயாத பிணக்கு இருந்து வந்தது. 1215 ஆம் ஆண்டில் பாப்பரசரின் தூதர் ராபர்ட் டி கூர்சோன் இதற்குச் சில விதிகளை வகுத்தார். கலைப் பிரிவில் கற்பிக்க 21 வயது நிரம்ப வேண்டும். இறையியலைக் கற்பிக்கவோ 35 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். எட்டு ஆண்டுகளேனும் கற்றிருத்தல் வேண்டும். அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களையும் மெய்ப்பொருள் நூலையும் கலைப் பிரிவு வகுப்புகளில் விரித்துரைத்தல் கூடாது என்றும் அவ்விதிகள் தடுத்தன. நாற்பதே ஆண்டுகளில், 1255 இல், அதே கலைப் பிரிவு அந்நூல்களைக் கட்டாயப் பாடமாக்கிற்று. விதி வகுத்தவர் எண்ணாத விளைவு அது.

இடையே ஒரு பெரும் கலகமும் நேர்ந்தது. 1229 இல், தவக்காலத்திற்கு முந்திய திருவிழா நாள்களில், மதுக்கடை ஒன்றில் கணக்குத் தீர்ப்பதில் மாணவர்க்கும் கடைக்காரர்க்கும் சச்சரவு மூண்டது. அது வளர்ந்து, நகரக் காவலர் மாணவர் சிலரைக் கொன்றனர். ஆசிரியர் பாடங்களை நிறுத்திவிட்டுப் பாரிசை விட்டே வெளியேறினர். சிலர் ஆக்ஸ்போர்டுக்கும் சிலர் துலூசுக்கும் சென்றனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1231 இல், பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் ஓர் ஆணை பிறப்பித்து, குறை தீராதபோது பாடம் நிறுத்தும் உரிமையை ஆசிரியர்க்கு அளித்தார். ஆசிரியர் வேலைநிறுத்தம் நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

இனி, வகுப்பினுள் நடந்ததைப் பார்ப்போம். இறையியல் என்றவுடன், மேடையிலிருந்து ஒருவர் கூற, மற்றவர் கேட்டுத் தலையசைக்கும் காட்சியே நம் மனத்தில் எழும். பாரிஸ் வகுப்பு அவ்வாறு இருந்ததில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பீட்டர் அபெலார்டு என்னும் ஆசிரியர் 'ஆம், இல்லை' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் தொகுத்தார். 158 வினாக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிற்கும் திருச்சபைத் தந்தையரின் முரண்பட்ட வாக்குகளை அருகருகே நிறுத்தினார். முரணைத் தாம் தீர்க்காமல் மாணவனிடமே விட்டுவிட்டார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீட்டர் லொம்பார்டு என்பவர் இத்தகைய வாக்குகளை நான்கு புத்தகங்களாக ஒழுங்குபடுத்தித் தீர்வும் கூறினார். அடுத்த சில நூற்றாண்டுகளுக்கு அதுவே பாடநூல். அதனை விரித்துரைத்துக் கற்பித்த பின்னரே ஒருவர் ஆசிரியர் நிலையை எட்ட முடியும்.

பாடநூலை விரித்துரைப்பது கல்வியின் ஒரு பாதி, மறுபாதி வாதம். ஆசிரியர் ஒரு வினாவை முன்கூட்டியே அறிவிப்பார். குறித்த நாளில் மாணவரும் பிற ஆசிரியரும் கூடுவர். அவையோர் ஒருவர்பின் ஒருவராகத் தடைகளை எழுப்புவர். இளநிலை ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று விடையிறுப்பார். பின்னொரு நாளில் ஆசிரியர் தாமே அமர்ந்து, எழுந்த தடைகளையெல்லாம் வரிசைப்படுத்தித் தம் முடிவைக் கூறி, ஒவ்வொரு தடைக்கும் தனித்தனியே விடை தருவார். முடிவு கூறாமல் நழுவ ஆசிரியருக்கு இடமில்லை; எழுந்த தடையை எழாததாகக் காட்டவும் இயலாது, ஏனெனில் எழுப்பியவர் எதிரே அமர்ந்திருப்பார்.

சைவ சித்தாந்த நூல்களைப் பயின்ற தமிழர்க்கு இம்முறை அயலானதன்று. திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்து, பிறர் மதங்களை முதலில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே தம் மதத்தை நிறுவினார். அவரும் பதின்மூன்றாம் நூற்றாண்டினரே. பாரிசும் திருத்துறையூரும் ஒன்றையொன்று அறிந்தவை அல்ல. ஆயினும் எதிரியின் கட்சியைச் சொல்லத் தெரியாதவன் தன் கட்சியையும் அறியாதவன் என்ற எண்ணம் இரண்டு இடங்களிலும் நிலவியது. வேறுபாடும் உண்டு. நம் நூலில் பரபக்கம் தனியொரு பகுதியாக நிற்கிறது. பாரிசிலோ ஒவ்வொரு சிறு வினாவிலும் பரபக்கம் முன்வந்து நின்றது.

இவ்வாதக் களத்தில் உருவானவர் தாமஸ் அக்குவினாஸ். இத்தாலியில் ரோக்காசெக்கா என்னும் கோட்டையில், 1225 ஆம் ஆண்டளவில், உயர்குடியில் பிறந்தவர். தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் சபை என்று வழங்கும் தோமினிக்கன் சபையில் சேர விரும்பினார். பிச்சையேற்று வாழும் துறவியராக அவர் போவதைப் பொறாத குடும்பத்தார், அவரைப் பிடித்து வந்து ஓராண்டளவு வீட்டிலேயே அடைத்து வைத்தனர். பின்னர் விடுதலை பெற்று, பாரிசிலும் கொலோனிலும் பெரிய ஆல்பர்ட்டிடம் பயின்றார். அதிகம் பேசாத பருத்த உடலினராகையால் உடன் பயின்றோர் அவரை 'ஊமை எருது' என்று அழைத்தனராம். 1256 இல் அவருக்கு உரிமம் கிடைத்தபோது விதியில் கூறிய 35 வயது நிரம்பவில்லை, விதிவிலக்கு வேண்டியிருந்தது. துறவியர் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதை எதிர்த்த பிற ஆசிரியர் அவருடைய தொடக்கப் பேருரையைப் புறக்கணித்தனர். அறிவுக்கோயில் என்று நாம் போற்றும் இடத்திலும் பதவிப் போட்டி இருந்ததென்பதை மறைப்பதில் பயனில்லை.

அக்குவினாசின் பெருநூல் இறையியல் தொகை. அதன் இலத்தீன் பெயர் 'சும்மா' என்று தொடங்குவது தமிழ்ச் செவிக்கு வேடிக்கையாக இருக்கலாம். தொகை என்பதே அச்சொல்லின் பொருள். 512 வினாக்களாகவும், ஒவ்வொரு வினாவும் பல உட்பிரிவுகளாகவும் வகுக்கப்பட்ட இந்நூல், வாத மண்டபத்தின் ஒழுங்கை ஏட்டில் வடித்தது. ஒவ்வொரு உட்பிரிவும் தடையுடன் தொடங்கும். ஆசிரியர் எதை நிறுவப் போகிறாரோ அதற்கு நேர்மாறானதே முதலில் வரும். கடவுள் உண்டோ என்ற இடத்திற்கு வருவோம். நூலைத் திறப்பவர் முதலில் காண்பது கடவுள் இல்லை என்பதற்கான இரண்டு வாதங்கள். எல்லையற்ற நன்மையாகிய ஒன்று உண்டெனில் தீமைக்கு இடமே இருத்தலாகாது. உலகிலோ தீமை இருக்கிறது என்பது ஒன்று. உலக நிகழ்ச்சிகளுக்கு இயற்கையும், மானிடச் செயல்களுக்கு மானிட அறிவும் விருப்பமுமே காரணமாகப் போதுமானால், கடவுளென ஒன்றை ஏன் கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் நாத்திக மேடைகளில் கேட்ட வாதங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டில் அடங்கும். அவற்றை மறைமுகமாகவோ ஏளனமாகவோ கூறாது, சில வரிகளில் வலுவாக நிறுத்திவிட்டு, அதன் பின்னரே தம் ஐந்து வழிகளைக் கூறத் தொடங்குகிறார்.

அவர் துணைகொண்ட நூல்களும் நோக்கத்தக்கவை. கிரேக்கராகிய அரிஸ்டாட்டிலைத் 'தத்துவஞானி' என்ற ஒரே சொல்லால் குறிப்பார். முஸ்லிம் அறிஞர் இப்னு சீனாவும் யூத அறிஞர் மைமோனிடிசும் அவருடைய பக்கங்களில் அடிக்கடி வருவர். கொர்தோவா நகரத்து இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலுக்கு விரிவான உரை கண்டவர். அவரைப் பெயர் கூறாது 'உரையாசிரியர்' என்றே குறிப்பது பாரிஸ் வழக்கு. தமிழில் உரையாசிரியர் என்று வாளா கூறினால் இளம்பூரணரைக் குறிப்பது போன்றது இது. அதே உரையாசிரியரின் கருத்தொன்றை, மாந்தர் அனைவர்க்கும் அறிவு ஒன்றே என்பதை, மறுத்து 1270 இல் அக்குவினாஸ் தனிநூல் எழுதினார். மதிப்பும் மறுப்பும் ஒருங்கே செல்லக் கண்டோம்.

ஆண்டில் இரு முறை, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும், வாதம் இன்னும் கடினமாயிற்று. அன்று வினாவை ஆசிரியர் தேர்ந்தெடுப்பதில்லை. அவையிலுள்ள எவரும் எதைப் பற்றியும் கேட்கலாம். மதுவா, மன்னனா, பெண்ணா, உண்மையா, எது வலியது என்று ஒருவர் அக்குவினாசைக் கேட்டிருக்கிறார். அதற்கும் விடை கூறியிருக்கிறார்! வேறொரு முறை, ஆசிரியர் தீர்ப்புக் கூறும்போது மேற்கோளைக் கொண்டு தீர்க்க வேண்டுமா, காரணத்தைக் கொண்டா என்ற வினா எழுந்தது. நம்பிக்கையின் மூலம் எது என்பதில் ஐயம் உடையார்க்கு மேற்கோள் காட்டலாம். மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் வெறும் மேற்கோளோடு நிற்பாராயின், கேட்டவன் அது உண்மை என்று உறுதி பெறுவானேயன்றி அறிவு எதுவும் பெறாமல் வெறுங்கையோடு செல்வான் என்பது அவர் கூறிய விடையின் கருத்து. இறையியற் கல்வியைப் பற்றி இதனினும் தெளிவாகக் கூறியவர் சிலரே.

1273 டிசம்பர் 6 க்குப் பின்னர் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தாம் எழுதியவை யாவும் வைக்கோலாகத் தோன்றுவதாகத் தம் துணைவரிடம் கூறினார் என்பர். இறையியல் தொகை முற்றுப் பெறவில்லை. சும்மா இருத்தலின் பொருளைத் தாயுமானவர் வழியே அறிந்தவர்க்கு இம்மௌனம் வியப்பளிக்காது. 1274 மார்ச் 7 அன்று, லியோன் நகரப் பொதுச்சங்கத்திற்குச் செல்லும் வழியில், ஃபொசனோவா மடத்தில் உயிர் நீத்தார்.

சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1277 மார்ச் 7 அன்று, பாரிஸ் மேற்றிராணியார் எத்தியேன் தாம்பியே 219 கொள்கைகளைத் தடைசெய்து அறிக்கை வெளியிட்டார். அவற்றைக் கற்பித்தோர் மட்டுமன்றிக் கேட்டோரும், ஏழு நாள்களுக்குள் தாமே முன்வந்து தெரிவியாவிடின், திருச்சபையினின்று விலக்கப்படுவர் என்றது அறிக்கை. அது முதன்மையாகக் கலைப் பிரிவின் ஆசிரியரை நோக்கியது. எனினும் அக்குவினாஸ் கற்பித்த சிலவும் அவர் பெயரின்றி அதனுள் அகப்பட்டன. அதே மாதத்தில் இங்கிலாந்தில் கான்டர்பரி அதிமேற்றிராணியார் கில்வார்டுபி ஆக்ஸ்போர்டில் 30 கொள்கைகளை விலக்கினார். அவரும் அக்குவினாசின் சபையைச் சேர்ந்தவரே. காலம் மாறியது. 1323 இல் பாப்பரசர் அக்குவினாசைப் புனிதராக அறிவித்தார். 1325 இல் பாரிசின் அடுத்தொரு மேற்றிராணியார், அவரைத் தொடும் அளவிற்கு 1277 இன் தடையை நீக்கினார். கேட்டவரைத் தண்டிக்கும் ஆணை நிலைத்தது ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

வாத மண்டபத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1678 இல் வெனிசைச் சேர்ந்த எலேனா கோர்னாரோ பிஸ்கோபியா என்னும் பெண்மணி பதுவா பல்கலைக்கழகத்தில் இறையியல் டாக்டர் பட்டத்திற்கு முயன்றார். பெண்ணுக்கு அப்பட்டம் தருவதற்கு மேற்றிராணியார் இசையவில்லை. தத்துவத்தில் பட்டம் பெற இசைந்தார். அமெரிக்காவில் நோத்ர் தாம் நகரின் புனித மரியா கல்லூரியில், பெண்களுக்கென இறையியல் உயர்கல்விப் பள்ளி ஒன்றை அருட்சகோதரி மதலேவா 1943 இல் தொடங்கும் வரை, கத்தோலிக்கப் பெண்கள் இத்துறையில் உயர்பட்டம் பெற வழி இருந்ததாகக் கூறுவதற்கில்லை. இரண்டிற்கும் இடையே 265 ஆண்டுகள்!

இனி நம் நாட்டிற்கு வரும் வழியைக் காண்போம். பதின்மூன்றாம் லியோ, தமிழ்க் கத்தோலிக்கர் சிங்கராயர் என்று போற்றிய பாப்பரசர், 1879 இல் ஒரு சுற்றுமடல் வெளியிட்டு, கத்தோலிக்கக் கல்விக்கூடங்கள் எல்லாம் அக்குவினாசின் வழியைப் பின்பற்ற வேண்டுமெனப் பணித்தார். அதே பாப்பரசரே 1893 இல் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் பொதுவாகக் கண்டியில் ஒரு குருமடத்தை நிறுவினார். இந்தியாவின் மக்களே இந்தியாவிற்கு மறையாசிரியராக வேண்டும் என்பது அவர் கருத்து. மேற்றிராணியார் பெரும்பாலும் ஐரோப்பியராக இருந்த காலத்தில் அது சிறிய துணிவன்று. பெல்ஜிய நாட்டு இயேசு சபையார் அதனை நடத்தினர். 1926 இல் பட்டம் வழங்கும் உரிமையும் அதற்குக் கிடைத்தது. இந்தியாவின் முதற் கார்டினலாக 1953 இல் உயர்ந்த வலேரியன் கிராசியாஸ் கண்டியில் பயின்றவரே.

கண்டிக்கு வந்த அக்குவினாஸ் பாரிசில் வாழ்ந்த அக்குவினாஸ்தானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அக்காலத்து உலகக் குருமடங்கள் எல்லாவற்றிலும் இலத்தீன் கைந்நூல்களே ஆட்சி செய்தன. அவற்றில் முதலில் வருவது முடிவு. எதிரிகளின் பெயர்கள் ஒரு பட்டியலாகப் பின்னே வரும். இரண்டு வரியில் மறுப்பும் வந்துவிடும். தடையை முன்வைத்துத் தொடங்கிய ஆசிரியரின் பெயரால், தடை எழுப்பவே இடமில்லாத நூல்கள் எழுந்தன. 1910 முதல் 1967 வரை இறையியல் ஆசிரியர் ஒவ்வொருவரும் நவீனக் கொள்கைகளுக்கு எதிராக ஆணையிட வேண்டியிருந்தது. அக்குவினாசை அவர் காலச் சூழலில் வைத்துப் படிக்க வேண்டும் என்று எழுதிய பிரெஞ்சுத் தோமினிக்கன் அறிஞர் ஷெனுவின் நூல் 1942 இல் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ந்தது. இறையியலை இலத்தீனிலேயே கற்பிக்க வேண்டும் என 1962 இல் கூட ஓர் ஆணை பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அதனை எவரும் பின்பற்றவில்லை.

இலங்கை விடுதலை பெற்றபின் இந்திய மாணவர் அங்குச் செல்வது கடினமாயிற்று. 1955 இல் குருமடம் புனேக்கு மாறியது. கண்டியின் பழைய கட்டடம் இலங்கையின் குருமடமாகத் தொடர்ந்தது. புனேயில் வாழும் தமிழர் நகர் ரோடு வழியே செல்கையில் அவ்வளாகத்தைக் கண்டிருப்பர். அதன் கல்விப் பகுதி பின்னாளில் ஞான தீப வித்யாபீடம் எனப் பெயர் பெற்றது. அருகே இயேசு சபையாரின் தெ நொபிலி கல்லூரி. மதுரையில் தத்துவ போதகர் என்னும் பெயருடன் வாழ்ந்து தமிழில் எழுதிய ராபர்ட் தெ நொபிலியின் பெயரே அதற்கு இடப்பட்டது. இவ்விடத்தில்தான் பழைய வாதமுறைக்குப் புதிய உயிர் வந்தது என்பது நம் கருத்து. பெல்ஜியத்தில் பிறந்த ரிச்சர்டு தெ ஸ்மெட் என்னும் குரு, ரோமின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் 1953 இல் அளித்த ஆய்வுரையின் பொருள் சங்கரரின் இறையியல் முறை. சங்கரரை வெறும் பகுத்தறிவுத் தத்துவஞானியாகக் கொள்வது தவறு. சுருதியை மூலமாகக் கொண்டு காரணத்தால் அதனை விளக்கும் இறையியலாளர் அவர் என்று தெ ஸ்மெட் நிறுவினார். பின் புனேயில் பல்லாண்டுகள் இந்திய மெய்ப்பொருளியலைக் கற்பித்தார். சங்கரரின் பாடியத்திலும் பூர்வபட்சமே முன்னே வரும். பாரிசின் தடையும் நம் நாட்டுப் பூர்வபட்சமும் ஒரே வகுப்பறையில் சந்தித்தன. இப்போது எதிர்க்கட்சி பட்டியலில் உள்ள பெயரன்று; அது அண்டை வீட்டாரின் வாழும் சமயம்.

அண்டை வீட்டாரின் சமயத்திற்குக் கடவுளின் திட்டத்தில் இடம் யாது? இவ்வினாவைத் தம் வாழ்நாள் வினாவாக ஏற்றவர் மற்றொரு பெல்ஜியர், ழாக் துபுயி. டார்ஜீலிங் மலைப்பகுதியில் குர்சியாங்கில் 1889 இல் நிறுவப்பட்ட இயேசு சபை இறையியற் கல்லூரியில் கற்பித்தார். அக்கல்லூரி 1972 இல் டில்லிக்கு மாறி வித்யாஜோதி என்று பெயர் பெற்றபோது உடன் வந்தார். 36 ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்து, 1984 இல் ரோமின் கிரகோரியன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1997 இல் வெளிவந்த அவருடைய நூல், பிற சமயங்களும் கடவுளின் திட்டத்திற்கு உட்பட்டவை என்ற கருத்தை விரித்துரைத்தது. அடுத்த ஆண்டிலேயே ரோமில் விசாரணை தொடங்கிற்று. அவர் கற்பிப்பது நின்றது. தடைகள் எழுத்தில் வந்தன. விடைகளை அவர் எழுத்தில் தந்தார். 2001 இல் வெளியான அறிக்கை, நூலில் மயக்கத்திற்கு இடமான பகுதிகள் உள்ளன என்றது. நூல் தடைசெய்யப்படவில்லை, ஆசிரியரும் விலக்கப்படவில்லை. 1277 ஐ நினைத்தால் வேறுபாடு விளங்கும். முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் அம்மூன்று ஆண்டுகளில் பட்ட துயரமும் விளங்கும். அவர் 2004 டிசம்பரில் காலமானார். மறுபதிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் அவ்வறிக்கையை நூலுடன் சேர்த்தே அச்சிட வேண்டும் என்பது அவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனை.